குழந்தைக்கு இன்னும் சட்டை வாங்கவில்லை

ஜூன் 3, திங்கள்

இருபத்து நான்கு வாரம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஸ்கேன் திரையைப் பார்த்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த எண்வரைக்கும் நான் இதற்கு முன் வந்ததில்லை.

வெளியே வந்ததும் சபா, "இனி ஏதாச்சும் வாங்கலாமா ரேணு?" என்று கேட்டார். பிறப்பதற்கு முன்னால் ஒன்றும் வாங்கி வைக்கக்கூடாது என்று அவருடைய அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். "அவகிட்டச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு சட்டை" என்றார். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற மனிதர், மிட்டாய் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

கோவையில் ஒரு பெரிய கடையின் இரண்டாம் மாடி முழுக்கக் குழந்தைச் சாமான். வெண்ணெய் நிறத்தில் ஒரு ஜபலா. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கழுத்தில் பச்சை அட்டை தொங்கியது: நியாயமான உழைப்பில் உருவானது. பின்பக்கம் சிறிய எழுத்தில் ஒரு சான்று எண்.

அது எங்கள் அலுவலகத்து எண்.

இந்தக் குழந்தை என்றாவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் எழுதி வைக்கிறேன். நான் திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். குழந்தைத் துணி விற்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக இங்குள்ள நூற்பாலைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் போய், வேலை செய்பவர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டும். என் அறிக்கை போனால்தான் பச்சை அட்டை தொங்கும்.

ஜபலாவை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன். "ஏன், புடிக்கலையா?" என்றார் சபா. நிறம் அழுக்காகும் என்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் ஒரு பட்டியல் போட்டேன். சட்டை, துண்டு, கொசுவலை, பால் புட்டி, சோப்பு, எண்ணெய், துணி நாப்கின், கிலுகிலுப்பை, மெத்தை. மாலைவரை இணையத்தில் தேடியும் ஒன்றுக்கு எதிரில்கூட டிக் போட முடியவில்லை. இந்தச் சோப்பின் எண்ணெய் எந்தக் காட்டை அழித்து வந்தது? இந்தப் பஞ்சை எடுத்தது யார் கை? இந்த மரக் கிலுகிலுப்பைக்குச் சாயம் பூசியவர் முகத்தில் துணி கட்டியிருந்தாரா? எல்லார் பெட்டியிலும் ஓர் இலையும் இரண்டு கைகளும் வரைந்திருக்கிறது. அந்தப் படங்களை வரைவதற்கு முன்னால் என்னவெல்லாம் கேட்க வேண்டும், எதையெல்லாம் கேட்காமல் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பதினோரு நிறுவனங்களுக்கு ஒரே கடிதம் எழுதினேன். இதைச் செய்தவர் பெயர் என்ன? உடம்பு சரியில்லை என்றால் அவர் ஒருநாள் லீவு போட முடியுமா?

சபா பின்னால் நின்று படித்துவிட்டுச் சிரித்தார். "உம்பட கொழந்தைக்கு இன்னும் பேரே வெக்கல. அதுக்குள்ள ஆடிட்டு தொடங்கிட்ட."

ஜூன் 12, புதன்

எதுவும் வாங்கவில்லை. இட்லிக்கு அரைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

எட்டுப் பதில்கள் வந்திருக்கின்றன. எட்டிலும் 'உங்கள் அக்கறைக்கு நன்றி' என்று ஆரம்பித்து அதே இலைப் படத்தோடு முடிகிறது.

ஒருவர் மட்டும் போன் செய்தார். பவானிப் பக்கம் தேங்காய் எண்ணெயில் சோப்புக் காய்ச்சுகிறவர். "ஏனுங் அம்மிணி, யாரு செய்யறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நானும் என்ற சம்சாரமுந்தானுங்க. லீவு கேட்டா நான் குடுத்துருவேன். அவ எனக்குக் குடுக்க மாட்டேங்கறாளுங்க." பின்னாலிருந்து ஒரு பெண்குரல் என்னவோ சொல்லி அதட்டியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆறு சோப்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

பட்டியலில் முதல் டிக்.

ஜூன் 30, ஞாயிறு

சபா நேரடியாகவே கேட்டுவிட்டார். "அந்த வெண்ணெய்க் கலர் சட்டையில என்ன இருந்துச்சு?"

நான் ஒன்றும் இல்லை என்றேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு நான் சொன்னேன். பெரிதாக எதுவும் இல்லை. அந்தத் துணிக்கு நூல் வருகிற மில் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மார்ச்சில் நான் அங்கே போனேன். தென் மாவட்டங்களிலிருந்து வந்த சின்னப் பெண்கள் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறார்கள். மேனேஜர் அறையில் ஆறு பேரிடம் பேசினேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் அப்படியே எழுதினேன்.

"அதுக்கு?"

"மேனேஜர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தாருங்க."

சபா அடுத்த வெங்காயத்தை எடுத்தார். நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன். குழந்தை இன்று நிறைய உதைத்தது.

ஜூலை 8, திங்கள்

பழைய கோப்பை எடுத்தேன். ஆறு பெயர்கள். நான்காவது பெயர் பேச்சியம்மாள், வயது பதினேழு, ஊர் விளாத்திகுளம் பக்கம். அவள் சொன்னதாக என் கையெழுத்தில்: 'உணவு, தங்குமிடம் திருப்தி. குறை எதுவும் இல்லை.'

சபாவிடம் சொல்லாமல் விட்டதை இங்கேயாவது எழுதுகிறேன். அன்று வேலை முடிந்து நான் காருக்கு நடந்தபோது, கழிவறைப் பக்கத்து நடையில் இந்தப் பெண் நின்றிருந்தாள். "அக்கா, வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தருவீங்களா? ரெண்டு நிமிசம்" என்றாள். ஹாஸ்டலில் யாரிடமும் போன் கிடையாது என்பதை அவள் கேட்டபோதுதான் நான் புரிந்துகொண்டேன். போன் என் கையில் இருந்தது. வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். "அடுத்த தடவை வரும்போது தர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

அதன்பிறகு நான் அங்கே போகவே இல்லை.

ஜூலை 11, வியாழன்

அவள் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்து எண் கிடைத்தது. எடுத்தவர் நிறைய யோசிக்கவில்லை. "பேச்சியம்மாளா? மாடசாமி மகளா? அந்தப் பிள்ள உங்க ஊர்லதானம்மா இருக்கு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில தைக்குது."

கம்பெனிப் பெயரையும் அவள் போன் எண்ணையும் அவரே தேடிக் கொடுத்தார். அந்தக் கம்பெனி என் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர். தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் அலுவலகம் போகிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் சந்தித்தோம். போனில் நான் யார் என்று சரியாகச் சொல்லவில்லை. மில் விஷயமாகப் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். வருவாளா என்று சந்தேகம். சரியான நேரத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் சுடிதார், மடித்துக் கட்டிய பின்னல். என் முகத்துக்கு முன்னால் வயிற்றைத்தான் பார்த்தாள்.

"எத்தன மாசம்க்கா?"

"ஏழு முடியப் போவுது."

"அப்ப எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்தீங்க? நான் வந்திருப்பேன்லா."

இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னேன். "என்னை ஞாபகம் இருக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் மெதுவாக மாறியது.

"ஆடிட்டுக்கு வந்த அக்கா. நீலச் சேல."

"ஆமா."

"போன்" என்றாள். அந்த ஒரு சொல்தான்.

அன்றைக்கு எதற்குப் போன் கேட்டாய் என்று நான்தான் கேட்டேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எங்க ஊர்ப் பிள்ள ஒருத்தி புதுசா வேலைக்கு வந்தா. ஒங்க அப்பாவ தூத்துக்குடி ஆஸ்பத்திரியில சேத்துருக்குன்னு சொன்னா. வார்டன் அக்காட்டக் கேட்டேன், லோடு போற நேரம் போன் தரமுடியாதுன்னுட்டாங்க. அன்னைக்குத்தான் நீங்க வந்தீங்க. நீங்க வந்துட்டுப் போனதுக்கு மூணாம் நாள் அப்பா போயிட்டாரு. எனக்குச் சொன்னது ஒம்பதாம் நாளு. போயிப் பாக்கையில அம்மா வெள்ளச் சேல கட்டியிருந்தா. அப்புறம் மில்லுக்கு நான் திரும்பிப் போகலக்கா."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்னென்ன சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதிருக்கிறேன்.

"சரிக்கா" என்றாள். பிறகு, "பன்னத் தின்னுங்க. வெறும் வயித்தோட அழக்கூடாது."

அதற்கப்புறம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். யாருக்கும் கெடுதல் செய்யாமல் செய்த ஒரு சட்டைகூட எனக்குக் கிடைக்கவில்லை, உனக்கு யாரையாவது தெரியுமா என்று அவளிடமே கேட்டேன்.

அவள் பட்டியலை முழுக்கப் படித்தாள். சிரித்தாள். அது கேலிச் சிரிப்பு இல்லை, ஆனால் எனக்கு உறைத்தது.

"ஒங்க பிள்ள மேல பாவம் ஒட்டிரக்கூடாதுன்னு பாக்கீங்க. சரிதான், நீங்க தாயாச்சே. ஆனா இப்படித் தேடித் தேடி நீங்க வாங்காம இருந்தா எங்களுக்கு என்ன ஆகும்? நான் இப்ப தைக்கிறதும் சின்னப் பிள்ளைக சட்டைதான். நல்லாத்தான் தைக்கேன். எல்லாரும் வேண்டாம்னுட்டா நான் ஊருக்குப் போகணும்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"வாங்குங்க. வாங்கிட்டுக் கேளுங்க. நீங்க கேக்குற வேலையில இருக்கீங்கல்லாக்கா. அந்த மில்லுல இன்னமும் நூத்தி நாப்பது பிள்ளைக இருக்காவ. அங்க போயிக் கேளுங்க."

போகும்போது திரும்பி வந்து ஒன்று சொன்னாள். "போனா மேனேஜர் ரூம்ல உக்காராதீங்க. ஹாஸ்டல் மாடியில துணி காயப்போட பிள்ளைக வரும். அங்கன உக்காருங்க. எடுத்ததும் கேள்வி கேக்காதீங்க. சும்மா உக்காருங்க."

ஜூலை 15, திங்கள்

மன்னிப்புக் கேட்டால் மனம் இலகுவாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி எதுவும் ஆகவில்லை. இரண்டு வாளித் துணி துவைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

தினகரன் சார் கெட்டவர் இல்லை. பன்னிரண்டு வருடமாக இந்த அலுவலகத்தை நடத்துகிறார். போன வருடம் நான் மருத்துவமனையில் கிடந்தபோது முதலில் வந்து நின்றவர் அவர்தான். ஆனால் நான் சொன்னதைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த மில்லு அடுத்த வருசந்தான் லிஸ்ட்ல வருது. நீங்க லீவுல போறதுக்கு இன்னும் ஒண்ணரை மாசம். எதுக்குங்க இப்ப?"

"சொல்லாமப் போய்ப் பாக்க நமக்கு உரிமை இருக்குங்க சார். ஒப்பந்தத்துலயே இருக்கு."

"இருக்குது. ஆனா நீங்க எழுதப் போறது உங்க பழைய ரிப்போர்ட்டே தப்புன்னு. அப்படித்தானே? மேலிடத்துல முதல்ல கேக்கறது உங்களைத்தான். வேலை போயிரும் ரேணுகா."

"தெரியும் சார்."

ரொம்ப நேரம் மேசைமேல் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "படி ஏறும்போது கைப்பிடியைப் புடிச்சுட்டு ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

போய்விட்டு வந்தேன்.

அதே மேனேஜர். என்னைப் பார்த்ததும் நாற்காலி வந்தது, இளநீர் வந்தது. "மேடம், இந்த நெலமையில எதுக்குங்க சிரமம்? நீங்க இங்கயே உக்காருங்க, புள்ளைங்களை நான் வரச் சொல்றேன்." வேண்டாம் என்றேன். ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு மூன்று தளம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். வார்டனும் கூடவே வந்தார். ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். கீழே போனார்.

காலை ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரம் யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தார்கள். பிறகு ஒருத்தி, "பொம்பளப் பிள்ளையா இருக்கும்க்கா. வயிறு அப்படித்தான் இருக்கு" என்றாள். இன்னொருத்தி அதை மறுத்தாள். சண்டை முற்றி ஏழெட்டுப் பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

என் போனை எடுத்துத் தரையில் வைத்தேன். "வீட்டுக்குப் பேசணும்னா பேசுங்க" என்றேன்.

இருபத்து மூன்று பேர் பேசினார்கள். யாரும் பெரிதாக எதுவும் பேசவில்லை. ஆட்டுக்குட்டி எத்தனை போட்டது, தம்பி பாஸா, மழை உண்டா. ஒரு பெண் எண்ணைப் போட்டுக் காதில் வைத்து, "அம்மா, சாப்டியா?" என்று கேட்டாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவர்களாகவே சொன்னார்கள். மாதத்தில் ஒருமுறைதான் ஆபீஸ் போனில் வீட்டுக்குப் பேசலாம், வார்டன் பக்கத்தில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமையும் வாசல் பூட்டியிருக்கும். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு மாத்திரை, அடுத்த ஷிப்ட். பெயர் போட வேண்டாம் என்றார்கள். போடவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டேன். இறங்கும்போது இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கால் இரண்டும் வீங்கிவிட்டன. ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. மாடி ஏறினீர்களா என்று டாக்டர் திட்டினார். ஒரு வாரம் படுக்கை. குழந்தையின் இதயத்துடிப்பை எனக்குக் கேட்கப் போட்டார். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது.

ஆட்டோவில் வரும்போது சபாவிடம் மிச்சத்தையும் சொன்னேன். போன் கேட்ட பெண், அவள் அப்பா, எல்லாம். இதுவரை எங்கேயும் எழுதாததையும் சொன்னேன். எங்கள் முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் போனது அந்த மார்ச்சுக்குப் பிறகு வந்த ஜூலையில். இரண்டாவதும் தங்காமல் போனபோது எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பெண்ணுக்கு அப்பாவின் குரலைக் கொடுக்காமல் வந்தவளுக்கு இதுதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். இந்தக் குழந்தையாவது தங்க வேண்டும் என்றால் இதன் மேல் படுகிற நூலில்கூட யாருடைய கண்ணீரும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

சபா ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"ரெண்டு வருசமா இதையா வயித்துல வெச்சிருந்த?" என்றார். "அந்தப் புள்ளைக்கு நீ செஞ்சது தப்பு. அது தப்புத்தான். அதுக்கு ரிப்போர்ட் எழுது, வேலை போனாலும் போகட்டும். ஆனா நம்ம கொழந்தைகளை அந்தக் கணக்குல சேர்க்காத ரேணு. அதுக ஒரு தப்பும் செய்யல. நீயும் அதுகளை ஒண்ணும் பண்ணல."

ஆட்டோக்காரர் எங்களைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் சபாவே செய்தார். உப்புக் கொஞ்சம் தூக்கல்.

படுத்தபடியே அறிக்கையை முடித்தேன். முதல் பத்தியில் பழைய அறிக்கை தவறு என்றும் அதை எழுதியது நான்தான் என்றும் போட்டேன். வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பியும்விட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பதில் இல்லை. பவானிச் சோப்பு வந்தது. வீடெல்லாம் தேங்காய் வாசம்.

ஆகஸ்ட் 14, புதன்

பதில் இல்லை. மில் மேனேஜர் தினகரன் சாரிடம் கத்தினாராம். "நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் புடிச்சுக்கிட்டேன்" என்றார் சார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வந்துவிட்டது. மூன்று பக்கம். முதல் தடவை வேகமாகப் படித்ததில் ஒன்றும் ஏறவில்லை. சபாவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

ஆர்டரை நிறுத்தப் போவதில்லை. நிறுத்தினால் அந்தப் பெண்களுக்குத்தான் வேலை போகும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு பெண்ணும் தன் போனைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசல் திறக்க வேண்டும். வாரம் ஒருநாள் நர்ஸ் வர வேண்டும். இல்லாவிட்டால் அட்டை கிடையாது. இனிமேல் எந்த மில்லிலும் விசாரணை நடக்கும்போது நிர்வாகத்தினர் அங்கே இருக்கக்கூடாது. மில்லில் வேலை செய்த அனுபவம் உள்ள ஒரு பெண் கேள்வி கேட்க வேண்டும்.

என்னைப் பற்றி நான்கு வரி. பழைய அறிக்கைக்காக எச்சரிக்கை. பதவி உயர்வு இந்த வருடம் இல்லை. வேலை போகவில்லை. விடுப்பு முடிந்து வந்த பின் பேசலாமாம்.

பிற்பகல் தினகரன் சார் போன் செய்தார். போனுக்கும் நர்ஸுக்கும் மில் ஒத்துக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு மட்டும் பெற்றோர் சம்மதம், பாதுகாப்பு என்று இழுத்தடிக்கிறார்களாம். இழுக்கட்டும். விடமாட்டோம் என்று அவரே சொன்னார். 'விடமாட்டோம்' என்றார். 'விடாதீங்க' என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பேச்சியம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கி வந்திருந்தாள். கடிதத்தின் அந்தக் கடைசி நிபந்தனையைச் சொன்னேன். கேள்வி கேட்கும் அந்தப் பெண்ணாக நீ வருகிறாயா என்று கேட்டேன்.

"நானா? எனக்கு எழுத வராதேக்கா."

"பத்தாவது படிச்சிருக்கேல்ல?"

"எழுத்துத் தெரியும். ஒங்கள மாதிரி எழுத வராது."

"என்ன மாதிரி எழுத வேண்டாம் பேச்சி."

கம்பெனியில் பவர் டேபிள் தையலில் அவள் நல்ல பெயர் எடுத்திருக்கிறாள். வாரத்தில் ஒருநாள் விட்டுவிட்டு வந்தால் சூப்பர்வைசர் என்ன சொல்வாரோ. அம்மாவிடம் கேட்க வேண்டும். யோசிக்கிறேன் என்று போனாள். போகும்போது என் வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். குழந்தை சரியாக அந்த நேரம் பார்த்து உதைத்தது. கையை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

செப்டம்பர் 2, திங்கள்

இன்று முதல் விடுப்பு. பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கித் தேய்க்க ஆள் வைத்தோம். பேச்சியம்மாளிடமிருந்து ஒரு செய்தி: "அம்மா போகச் சொல்லிட்டா. வாரேன்."

செப்டம்பர் 11, புதன்

(இதை எழுதுவது சபாபதி. ரேணு எழுதச் சொன்னாள். மதியம் 2.40. பெண். இரண்டு கிலோ எழுநூறு கிராம். இருவரும் நலம். குழந்தை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.)

செப்டம்பர் 13, வெள்ளி

மூன்று மாதமாக ஆராய்ச்சி செய்ததற்குப் பலன்: பிரசவத்துக்குக் கிளம்பும்போது பையில் ஆறு சோப்பு இருந்தது, ஒரு சட்டைகூட இல்லை. நர்ஸ், "என்னங்க, புள்ளைக்குத் துணி எங்கங்க?" என்று கேட்டபோது சபா திருதிருவென்று விழித்தாராம். சபாவின் அக்கா கொண்டு வந்த பழைய வேட்டித் துணியில்தான் முதல் நாள் கிடந்தாள். அதன்பிறகு சபா ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற சின்னக் கடைக்கு ஓடி, கண்ணில் பட்ட மூன்று ஜபலாவை வாங்கி வந்தார். ஒன்றில் வாத்து, ஒன்றில் கார், ஒன்றில் என்னவென்று தெரியாத ஒரு மிருகம். மூன்றும் பெரிது. கை வெளியே வரவில்லை.

கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஊர்ப் பெயரும் கம்பெனிப் பெயரும் இருந்தன. குறித்துக்கொண்டேன். உடம்பு தேறியதும் எழுதிக் கேட்பேன். அதுவரை அவள் போட்டுக்கொள்ளட்டும். யாரோ ஒருத்தி தையலை நேராக ஓட்டியிருக்கிறாள். பட்டன் குழந்தைக்குக் குத்தாமல் உள்பக்கம் மடித்துத் தைத்திருக்கிறாள்.

மிருகம் போட்ட சட்டையில் அழகாக இருக்கிறாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பால் சரியாகக் குடிப்பதில்லை. நேற்று முழுக்க அழுகை, அவளும் நானும். இன்று பரவாயில்லை. சபா மடியில் போட்டுக்கொண்டு அவளுக்கு நியூட்டனின் மூன்றாம் விதி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அக்டோபர் 6, ஞாயிறு

குழந்தைக்குப் பெயர் வைத்தோம். இளவெயினி. சபாவின் அக்கா, "வாயில நொழையலயே" என்றார். ஐந்து நிமிடத்தில் 'வெயினிக் கண்ணு' ஆக்கிவிட்டார்.

மில் வாசல் இன்றுதான் முதல்முறையாகத் திறந்ததாம். தினகரன் சாரின் செய்தி. நான்கு மணி நேரம் மட்டும், பத்துப் பத்துப் பேராக. போதாது. ஆனால் திறந்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

இந்த வாரம் பேச்சியம்மாள் முதல்முறையாக விசாரணைக்குப் போனாள். வேறொரு மில், தாராபுரம் பக்கம். எப்படிப் போனது என்று கேட்க வியாழக்கிழமையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்று மாலை அவளே வந்தாள். வந்ததும் கையைக் கழுவிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கழுத்தில் புது அடையாள அட்டை. அதைக் குழந்தை இழுக்காமல் இருக்க முதுகுப் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"எத்தனை பேரு பேசுனாங்க?" என்றேன்.

"பேசலக்கா."

"ஒருத்திகூடவா?"

"மாடியில போயி உக்காந்தேன். வந்தாவ, துணியக் காயப்போட்டாவ, போயிட்டாவ. நான் நீங்க இல்லல்லா, எனக்கு வயிறும் இல்ல." சிரித்தாள். "கடைசியா ஒரு சின்னப் பிள்ள நின்னா. பதினாறுகூட இருக்காது. கொடியில துணியே இல்ல, சும்மா நின்னுட்டிருக்கா. எனக்குத் தெரியாதாக்கா? நான் கேள்வித் தாள மடிச்சுப் பைக்குள்ள வச்சுட்டேன். நானும் சும்மா இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எம்பேரக் கேட்டா. சொன்னேன். ஊரக் கேட்டா. சொன்னேன். மறுபடி வருவீங்களான்னு கேட்டா."

குழந்தை கொட்டாவி விட்டது. பேச்சி அதன் வாயை ஒரு விரலால் துடைத்தாள்.

"வியாழக்கிழமை வாரேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். "அவளும், சரி, அப்ப சொல்லுதேன்க்கான்னா."